மாம்பழங்களின் தரம்: தமிழ் மீடியம் மாணவி ஒருத்தியின் இங்கிலீஷ் பயிற்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

சாத்தூரில் நூலகத்து மாடியில் வாரத்துக்கு நாலு சாயங்காலம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளோடு உட்காருகிறேன். நான் வங்கிக் கிளார்க். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். 2024 ஜனவரியில் அங்கே வந்து சேர்ந்த ஒரு பெண்ணின் பயிற்சியைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் வேண்டாம்க்கா, மத்ததெல்லாம் எழுதுங்க" என்றாள்.

பி.எஸ்ஸி. கணிதம் முடித்தவள். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். குவான்ட்ஸ் என்கிற கணக்கு, ரீசனிங் என்கிற தர்க்கப் புதிர், இரண்டிலும் எங்கள் மாடியில் அவளை முந்த ஆள் கிடையாது. குரூப் 4 எழுதிய பழக்கத்தில் தமிழ் இலக்கணமும் கைவசம். அந்தத் தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ் என்பதால் வேற்றுமை உருபு, தொகைநிலை, ஆகுபெயர் என்று எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வாள். ஆனால் 2022, 2023 இரண்டு வருடமும் அரசு வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். கிளார்க் தேர்வின் முதல் கட்டமான ப்ரிலிம்ஸில் இங்கிலீஷ் செக்‌ஷனில் கட்-ஆஃப் மார்க்கைத் தாண்டவில்லை.

அந்தத் தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அவள் சிக்கல் புரியும். ப்ரிலிம்ஸ் மொத்தம் 100 கேள்வி: இங்கிலீஷ் 30, குவான்ட்ஸ் 35, ரீசனிங் 35. ஒவ்வொன்றுக்கும் தனியாக 20 நிமிடம். நேரம் முடிந்தால் அந்தச் செக்‌ஷன் பூட்டிக்கொள்ளும், திரும்பிப் போக முடியாது. மூன்றிலும் தனித்தனியாகக் கட்-ஆஃப் உண்டு. குவான்ட்ஸில் முப்பதுக்கு மேல் எடுத்தாலும் இங்கிலீஷில் அரை மார்க் குறைந்தால் வெளியேதான். 2021-க்குப் பிறகு கிளார்க் தேர்வின் மற்றப் பகுதிகளைத் தமிழிலேயே எழுதலாம் என்று வந்துவிட்டது. பல பிள்ளைகளுக்கு அது வாழ்வு கொடுத்த மாற்றம். ஆனால் இங்கிலீஷ் செக்‌ஷன் இங்கிலீஷில்தானே வர முடியும்? ஆக மொத்தத் தடையும் அந்த இருபது நிமிடத்தில் வந்து குவிந்துவிட்டது.

முதல் நாள் மூன்று நோட்டு கொண்டுவந்தாள். ஒன்றில் இலக்கண விதிகள், நம்பர் போட்டு. இன்னொன்றில் வார்த்தைகளும் தமிழ் அர்த்தமும், அகர வரிசையில். முதல் வார்த்தை ‘அபாண்டன் – கைவிடு’. எந்தப் பிள்ளையின் வார்த்தை நோட்டைத் திறந்தாலும் அதுதான் முதல் வார்த்தை. ‘ஏ’ எழுத்துக்குப் பதினெட்டுப் பக்கம், மஞ்சள் கோடு போட்டுப் பளிச்சென்று இருந்தது. ‘டி’ எழுத்தோடு நோட்டு நின்றுபோயிருந்தது. மூன்றாவது நோட்டில் மாக் டெஸ்ட் என்கிற மாதிரித் தேர்வு மதிப்பெண்கள் மட்டும், தேதி போட்டு வரிசையாக.

அப்போது நான் ஒரு தப்புச் செய்தேன். "இன்னும் நெறைய மாக் எழுது, தினம் ரெண்டு" என்றேன். ஒரு மாதம் அப்படியே எழுதினாள். மாதக் கடைசியில் 26 கேள்விக்குப் பதில் எழுதி 14 சரி, 12 தவறு. தவறுக்குக் கால் மார்க் போகும், ஆக 14-இல் 3 கழிந்து 11. ஒரு மாதத்துக்கு முன்னாலும் ஏறக்குறைய அதே எண்தான் இருந்தது. அறுபது தாள் எழுதிய உழைப்பு எங்கேதான் போனது என்று அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கணக்குப் படித்த பெண் இல்லையா, மறுநாள் அவளே ஒரு கணக்கோடு வந்தாள். இந்தத் தேர்வில் ஒரு கேள்விக்கு ஐந்து விடை. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கேள்விக்கு அடித்தால் சராசரியாக ஒன்று சரியாகும், நாலு தவறாகும். கூட்டல் ஒன்று, கழித்தல் நாலு கால். மிச்சம் சைபர். "அப்ப குருட்டாம்போக்குல அடிச்சாக்கூட நஷ்டம் வராதுக்கா. எனக்கு எதுல போகுது?" என்றாள். இதுதான் சரியான கேள்வி. என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது, அவள் வாயிலிருந்து வந்தது.

அடுத்த மூன்று வாரம் ஆறே ஆறு தாள்தான். ஆனால் ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் ரஃப் ஷீட்டில் ஒரு குறி போடச் சொன்னேன்: உறுதி என்றால் ‘உ’, பாதி சந்தேகம் என்றால் ‘ச’, குருட்டடி என்றால் ‘கு’. ஆறு தாளிலும் சேர்த்து 63 தவறு. அதில் 34-க்குப் பக்கத்தில் ‘உ’ போட்டிருந்தாள். பாதிக்கு மேல் தவறு, நன்றாகத் தெரியும் என்று நம்பி எழுதியவை. சந்தேகப்பட்ட இடத்தில் விதியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். சந்தேகமே வராத இடத்தில் எந்த விதி நோட்டைத் திறப்பாள்?

அந்த 34-ஐயும் வெட்டித் தரையில் பரப்பினோம். வினை ஒருமையா பன்மையா என்பதில் 13, பிரிப்பொசிஷனில் (‘டு’, ‘இன்டு’, ‘அபவுட்’ மாதிரி) 9, ஆர்ட்டிக்கிளில் (‘ஏ’, ‘ஆன்’, ‘தி’) 5, டென்ஸில் 4, மற்றவை 3. முதல் குவியலின் மேலே கிடந்த வாக்கியம் இது:

‘தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் வேர் நாட் குட்.’

தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னால், தப்பே இல்லை என்று குறித்திருந்தாள்.

"மேங்கோஸ்னா நெறைய மாம்பழம். அப்ப ‘வேர்’தானக்கா வரும்?"

"இதத் தமிழ்ல சொல்லு."

"மாம்பழங்களின் தரம் நல்லா இல்ல."

"எழுவாய் எது?"

சட்டென்று "தரம்" என்றாள். சொன்ன பிறகு ஒரு நிமிடம் வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சிலை எடுத்து ‘குவாலிட்டி’யைச் சுற்றி வட்டம் போட்டாள். ‘வேர்’ அடித்து ‘வாஸ்’ எழுதினாள்.

அந்த ஒரு நிமிடத்தில் நடந்ததை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீதி எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. தமிழில் ஒரு பெயரை விவரிக்கிற எல்லாமும் அந்தப் பெயருக்கு முன்னால் வந்துவிடும். முக்கியமான பெயர் கடைசியில் நிற்கும். ‘போன வாரம் சந்தையில் வாங்கின மாம்பழங்களின் தரம்’ என்று எவ்வளவு நீட்டினாலும் ‘தரம்’ கடைசிதான், வினை அதற்குப் பிறகுதான். இங்கிலீஷில் இது தலைகீழ். ‘குவாலிட்டி’ முதலில் வந்துவிடும், விவரிப்பெல்லாம் பின்னால் தொங்கும். வினை வருகிற நேரத்தில் அதன் பக்கத்தில் நிற்பது வேறு ஏதோ ஒரு பெயர். கடைசியில் நிற்பதுதான் முக்கியமானது என்று பழகிய காது, ‘மேங்கோஸ்’ பக்கத்தில் ‘வேர்’ வந்தால் நிம்மதியாகிவிடுகிறது.

இதில் நம் பிள்ளைகள் வெட்கப்பட எதுவும் இல்லை. இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இதே இடத்தில் இடறுகிறார்கள். காத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இருவர் 1991-ல் இதைச் சோதனை வைத்தே காட்டினார்கள்: ஒருமை எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் ஒரு பன்மைப் பெயர் வந்து உட்கார்ந்தால் வினை தவறுவது கூடுகிறது. கேள்வித்தாள் எடுக்கிறவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். அதனால்தான் திரும்பத் திரும்ப இங்கேயே குழி வெட்டுகிறார்கள்.

அவள் கையில் ஏற்கெனவே ஒரு கருவி இருந்தது. எழுவாய் வேற்றுமைக்கு உருபு கிடையாது என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். தமிழில் சொல்லிப் பார்த்து, ‘இன்’, ‘இல்’, ‘ஓடு’ என்று எதுவும் ஒட்டாமல் வெறுமனே நிற்கிற பெயரைக் கண்டுபிடித்தால் போதும், வினை அதற்குத்தான் கட்டுப்பட்டது. ‘மாணவர்களில் ஒருவன் வந்தான்’ என்று சொல்லிப் பார்த்தால் ஒரே வாக்கியத்தில் இரண்டு விடை கிடைக்கும்: ‘ஒன் ஆஃப் தி’ என்பதற்குப் பிறகு ‘ஸ்டூடன்ட்ஸ்’ என்று பன்மை வரும், வினை ‘ஹேஸ் கம்’ என்று ஒருமையில் வரும். இரண்டு விதியாகப் படித்து இரண்டையும் மறந்துகொண்டிருந்தாள்.

இன்னொன்றும் அன்றைக்கே பிடிபட்டது. ‘தி டீச்சர், அலாங் வித் ஹெர் ஸ்டூடன்ட்ஸ்’ என்று வந்தால் வினை ஒருமையா பன்மையா? ‘மாணவிகளோடு டீச்சர் போகிறாள்’, ‘டீச்சரும் மாணவிகளும் போகிறார்கள்’. முதலாவதில் ‘ஓடு’, மூன்றாம் வேற்றுமை. கூட வருகிறவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் வினை டீச்சரைத்தான் பார்க்கும். இரண்டாவதில் எண்ணும்மை, வினை பன்மை. ‘அலாங் வித்’, ‘டுகெதர் வித்’, ‘ஆஸ் வெல் ஆஸ்’ எல்லாம் ஓடு ஜாதி. ‘ஆண்ட்’ என்பது உம். நோட்டில் அவள் எழுதியது இவ்வளவுதான்: "ஓடு – ஒருமை பார். உம் – பன்மை." இரண்டு பக்க விதி ஒரு வரியில் அடங்கிவிட்டது. ‘நைதர்... நார்’ மட்டும் இதில் சேராது, அங்கே வினை பக்கத்தில் நிற்கிற பெயரையே பார்க்கும். அதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

ஆர்ட்டிக்கிள் தமிழில் இல்லை, அதனால் நம் பிள்ளைகளுக்கு வராது என்று பல வருடம் நானே சொல்லியிருக்கிறேன். முழு உண்மை இல்லை அது. ‘கடையில பேனா வாங்கினேன்’, ‘பேனாவைத் தொலைச்சிட்டேன்’. முதல் வாக்கியத்தில் ‘ஐ’ உருபு தொக்கி, அதாவது மறைந்து, நிற்கிறது, ஏதோ ஒரு பேனா. இரண்டாவதில் ‘ஐ’ வந்துவிட்டது, பேசுகிற இருவருக்கும் தெரிந்த பேனா. அஃறிணைப் பெயர்களில் இந்த வேறுபாட்டை நாம் நாள் பூராவும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். முதலாவதற்கு ‘ஏ பென்’, இரண்டாவதற்கு ‘தி பென்’. எல்லா இடத்துக்கும் இது செல்லாது. ஆனால் செயப்படுபொருள் இடத்தில் அவளுக்குப் பெரும்பாலும் கைகொடுத்தது.

‘ஏ’யா ‘ஆன்’னா என்ற குழப்பத்துக்குத் தமிழ் எழுத்தே தீர்வு. வார்த்தையை வாய்விட்டுச் சொல், காதில் விழுந்தபடி தமிழில் எழுது. உயிரெழுத்தில் தொடங்கினால் ‘ஆன்’, உயிர்மெய்யில் தொடங்கினால் ‘ஏ’. யுனிவர்சிட்டி ‘யு’வில் தொடங்குகிறது, ஆகவே ‘ஏ’. ஹானஸ்ட் என்று எழுதினாலும் ஒலி ‘ஆனஸ்ட்’, ஆகவே ‘ஆன்’. ஒரு ரூபாய் நோட்டை ‘வன் ருப்பி நோட்’ என்கிறோம், ‘வ’, ஆகவே ‘ஏ’. எம்.எல்.ஏ. ‘எ’, ஆகவே ‘ஆன்’. இந்தக் கடைசி உதாரணத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும், நம் பக்கத்தில் ‘யெம்மெல்லே’ என்றுதான் பேச்சில் வரும். அவளும் முதலில் ‘ய’ என்று எழுதித் தப்பாகப் போட்டாள்.

டென்ஸில் இருந்த நாலும் ஒரே வகை. ‘ரெண்டு வருஷமா இங்க வேலை பாக்குறேன்’ என்பது நமக்கு நிகழ்காலம், அப்படியே ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று வந்துவிடுகிறது. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்’ என்று வர வேண்டும். ‘வருஷமா’வில் இருக்கிற ‘ஆ’வுக்கு ‘ஃபார்’, ‘2019-ல இருந்து’ என்கிற ‘இருந்து’க்கு ‘சின்ஸ்’. இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

பிரிப்பொசிஷனில்தான் தமிழ் காலை வாரிவிட்டது. ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்கிற ‘பற்றி’ நம்மை ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ என்று எழுத வைக்கும், ‘அபவுட்’ வரக்கூடாது. ‘அறைக்குள்ளே நுழைந்தான்’ என்பது ‘என்டர்ட் இன்டு’ ஆகிவிடும், வெறும் ‘என்டர்ட் தி ரூம்’தான் சரி. ‘பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான்’ என்கிற ‘கு’, ‘ரீச்ட் டு’ என்று வந்து நிற்கும். ‘ஐ விட’ என்ற ஒரே உருவத்தை நாம் எல்லாவற்றுக்கும் வைத்திருப்பதால் ‘சீனியர்’, ‘சுப்பீரியர்’, ‘ப்ரிஃபர்’ பக்கத்திலும் ‘தேன்’ (than) போட்டுவிடுவோம், அங்கே ‘டு’ வர வேண்டும். இங்கே தர்க்கம் எதுவும் உதவாது. வினையையும் அதன் பிரிப்பொசிஷனையும் ஒரே வார்த்தையாக நினைத்து ஞாபகத்தில் ஏற்றுவது ஒன்றுதான் வழி. அதனால் இவற்றை வார்த்தைகளோடு சேர்த்துவிட்டோம்.

வார்த்தை நோட்டைப் பற்றி அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தினம் நாற்பது வார்த்தையை ஐந்து தடவை வாசிப்பாள். வாசித்து முடித்ததும் கேட்டால் எல்லாம் சொல்வாள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பாதிகூட வராது. ஹெர்மன் எபிங்கவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, மறப்பதற்கும் ஒரு போக்கு உண்டு என்று 1885-ல் எழுதினார்: ஆரம்பத்தில் வேகமாகப் போகும், பிறகு மெதுவாக. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். சிலர் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், சிலர் வாசித்துவிட்டுப் பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நினைவிலிருந்து எழுதியவர்கள் முன்னால். அவளுடைய நோட்டில் நடந்ததும் இதே கதைதான். ஐந்து நிமிடத்தில் வருகிற தெம்பை நம்பிப் பதினெட்டுப் பக்கம் மஞ்சள் கோடு போட்டிருந்தாள்.

1972-ல் செபாஸ்டியன் லெய்ட்னர் ஒரு முறை சொன்னார். வார்த்தையைச் சீட்டில் எழுதி அடுக்குகளில் போடுவது. சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த அடுக்குக்கு முன்னேறும், தவறியது முதல் அடுக்குக்கே திரும்பும். முதல் அடுக்கைத் தினமும் பார்க்க வேண்டும், பின்னால் போகப் போக இடைவெளி கூடும். நான் இதை விளக்கிக்கொண்டிருந்தபோதே அவள் சிரித்துவிட்டாள். "எங்க வீட்ல இல்லாத பெட்டியாக்கா?" மறுநாள் ஐந்து காலித் தீப்பெட்டிகளை, பெரிய சைஸ், வரிசையாகப் பசை வைத்து ஒட்டிக் கொண்டுவந்தாள். பெட்டி செய்கிற அட்டையையே பெட்டிக்குள் அடங்கும் அளவுக்கு நறுக்கிச் சீட்டு. நறுக்கிக் கொடுத்தது அம்மா. ஓரம் ஒன்றுகூடப் பிசிறடிக்கவில்லை.

சீட்டின் ஒரு பக்கம் வார்த்தை கிடையாது. ஒரு வாக்கியம், வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் கோடு. பின்பக்கம்தான் வார்த்தை. அர்த்தம் மட்டும் எழுதி வைத்தால் ‘தயக்கம்’ என்பதற்கு மூன்று இங்கிலீஷ் வார்த்தை வந்து நிற்கும், பத்தியில் விட்ட இடங்களை நிரப்புகிற க்ளோஸ் டெஸ்டில் எதைப் போடுவது என்று தெரியாது. ஒலி நெருக்கமான ஜோடிகளை ஒரே நாளில் பெட்டியில் போடக்கூடாது என்று அவளே கண்டுபிடித்தாள். ‘எமினன்ட்’ என்றால் புகழ்பெற்றவர், ‘இமினன்ட்’ என்றால் இதோ வரப்போவது. இரண்டையும் சேர்த்துப் படித்த நாளிலிருந்து இரண்டுமே குழம்பிவிட்டது. ஒன்று மூன்றாம் பெட்டிக்குப் போன பிறகுதான் மற்றதை உள்ளே விட்டாள். ஒரு விளக்கத்துக்கு ஒரே வார்த்தை கேட்கிற ஒன் வேர்டு பகுதிக்கு வார்த்தையின் வாலைப் பிடித்தோம்: ‘சைட்’ என்று முடிந்தால் கொலை, ‘க்ரசி’ என்று முடிந்தால் ஆட்சி. ரெஜிசைட் அரசனைக் கொல்வது, பேட்ரிசைட் தகப்பனைக் கொல்வது, ப்ளூட்டோக்ரசி பணக்காரர் ஆட்சி. புதுச் சீட்டு தினம் எட்டுக்கு மேல் வேண்டாம் என்று வைத்தோம். நாற்பதிலிருந்து எட்டுக்கு இறங்க அவளுக்கு மனசு வரவில்லை, ஒரு வாரம் முனகினாள்.

ஜூன் மாதம் மறுபடியும் ஆறு தாள், அதே ‘உ’, ‘ச’, ‘கு’ குறிகளோடு. உறுதி என்று போட்டுத் தவறியவை 34-லிருந்து 11-க்கு வந்திருந்தன. ஒருமை பன்மையில் 13 இருந்த இடத்தில் 2. பிரிப்பொசிஷன் இன்னும் 5, நான் எதிர்பார்த்ததைவிடப் பிடிவாதமாக நின்றது. இன்னொரு மாற்றமும் இருந்தது. சராசரியாக 26 கேள்வி எழுதிக்கொண்டிருந்தவள் 22-க்கு இறங்கியிருந்தாள். எழுதியது குறைந்து மார்க் ஏறியது. ஆகஸ்டில் ப்ரிலிம்ஸ் எழுதினாள். ரிசல்ட் வந்த அன்று போனில், "அக்கா, இங்கிலீஷ் தாண்டிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டாள். அவர் பேசவில்லை, அழுதார்.

இரண்டாம் கட்டமான மெயின்ஸில் கிடைக்கவில்லை. அங்கே இங்கிலீஷ் 40 கேள்வி, 35 நிமிடம், பெரும்பகுதி வாசிப்புதான். நாங்கள் செய்த பயிற்சியில் அது ஓட்டை. வாக்கியம் வாக்கியமாகத் தப்புப் பிடித்துப் பழகியவள், பத்தியையும் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழுக்கு மாற்றிக்கொண்டே போனாள். முதல் பாசேஜிலேயே பதினைந்து நிமிடம் கரைந்துவிட்டது. தமிழில் சொல்லிப் பார் என்று நான்தான் பழக்கினேன். தப்புப் பிடிக்க உதவிய அதே பழக்கம் வாசிப்பில் வேகத்தைத் தின்றது. எந்த இடத்தில் தமிழை ஊன்றிக்கொள்ள வேண்டும், எந்த இடத்தில் விட்டுவிட வேண்டும் என்று முன்னாலேயே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கிறாள். அதில் பட்டதாரிகளுக்கான சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் இங்கிலீஷ் 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மார்க், தவறுக்கு அரை. இரண்டாம் கட்டத்தில் 45 கேள்வி, 3 மார்க் வீதம் 135, தவறுக்கு ஒரு முழு மார்க். அங்கே ‘உ’ போட்டுத் தவறினால் அடி இன்னும் பலமாக விழும் என்று அவளே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

வாசிப்புக்கு ஒரு வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம். தினம் நூலகத்து இங்கிலீஷ் பேப்பரில் தலையங்கத்தின் ஒரு பத்தி. மொழிபெயர்க்கக் கூடாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயையும் வினையையும் மட்டும் தொட்டுக்கொண்டே போக வேண்டும், நடுவில் தொங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போன வியாழக்கிழமை ஒரு வாக்கியம் மூன்று வரி நீண்டது. இடது கை விரலை முதல் வரியின் இரண்டாவது வார்த்தையில் வைத்தாள். வலது கை விரல் கமாவையெல்லாம் தாண்டி, ‘ஆஃப்’, ‘வித்’, ‘விச்’ எல்லாவற்றையும் தாண்டி, இரண்டு பன்மைப் பெயரையும் கடந்து, மூன்றாம் வரி நடுவில் இருந்த ‘ஹேஸ்’ மேல் வந்து நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது வினாடி.